அணைத்துப் போடுவதற்கு முன்

பொம்மையார்பாளையத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு டீக்கடை. மாலை ஐந்து மணிக்கு மேல் பெஞ்சில் இடம் கிடைப்பது அபூர்வம். வலையை உதறிக் காயப்போட்டுவிட்டு வருகிறவர்கள், ஆரோவில் பக்கம் வேலை முடித்துத் திரும்புகிறவர்கள், காலாப்பட்டிலிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் அந்த நேரத்தில் ஒரு டீ வேண்டும். அன்று எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தார் மீனவர் தெரு அண்ணன் ஒருவர். இந்தச் சாலையில் சில வருடம் நான் கேபிள் வேலை பார்த்தவன் என்பது அவருக்குத் தெரியும்.

"மாசம் பொறந்தா பணம் கட்டிடறோம் தம்பி. ஆனா நெட்டு போயிப் போயி வருது. பொண்ணு வீட்லேருந்தே வேலை பாக்குது, மெட்ராஸ் கம்பெனி. மீட்டிங்கு நடக்கும்போது பொசுக்குனு அறுந்துடுது."

"போனா என்னண்ணே பண்றீங்க?"

"அணைச்சிப் போடுவோம். கொஞ்ச நேரத்துல வந்துடும்."

"அணைக்கறதுக்கு முன்னாடி மோடத்துல என்ன லைட்டு எரிஞ்சிது?"

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதை யாரு பாத்தது? அது பீரோ மேல கெடக்குது."

இதே பதிலைப் போகிற வீட்டிலெல்லாம் கேட்டிருக்கிறேன். அணைத்துப் போடுவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். மோடமும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். மாதக்கணக்கில் ஓடினால் சில நேரம் சிக்கிக்கொள்ளும், அணைத்தால் தெளியும். ஆனால் அணைத்த நொடியில், எங்கே கோளாறு என்று காட்டிக்கொண்டிருந்த விளக்கும் சேர்ந்து அணைந்துபோகிறது. இன்னொன்றும் உண்டு. பல நேரம் இணைப்பு தானாகவே ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடும். மோடம் அணைந்து எழுந்து வரவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். தானாக வந்ததை நாம் அணைத்துப் போட்டதால் வந்தது என்று நம்பிவிடுகிறோம். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி போகிறது.

"வலை கிழிஞ்சா எடுத்ததும் ஊசியப் புடிப்பீங்களாண்ணே?"

"அது எப்படி? விரிச்சிப் போட்டு, எந்தக் கண்ணி போயிருக்குன்னு பாத்துட்டுத்தான."

"இதுவும் வலைதான். விரிச்சிப் பாப்போம்."

வீட்டு இணைப்பை விரித்துப் போட்டால் மூன்று துண்டு. கையில் இருக்கும் போனிலிருந்து மோடம் வரைக்கும் காற்றில் போவது முதல் துண்டு, அதுதான் வைஃபை. மோடத்திலிருந்து தெருக் கம்பம் வழியாக இணைப்புக் கொடுப்பவரின் அலுவலகம் வரைக்கும் கண்ணாடி இழையில் போவது இரண்டாவது. அங்கிருந்து சென்னை, மும்பை, கடலடிக் கேபிள், உலகம் என்று போவது மூன்றாவது. முதல் துண்டு நம் வீட்டுக்குள் இருக்கிறது, நாமே சரிசெய்யலாம். இரண்டாவது பாதி நம் கையில், பாதி அவர்கள் கையில். மூன்றாவதில் நாம் செய்ய ஒன்றுமில்லை. எந்தத் துண்டு அறுந்தது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் போன் செய்து "நெட் வரலை" என்று மட்டும் சொன்னால், அந்தப் பக்கத்திலிருந்து வரும் முதல் பதிலும் "அணைச்சிப் போடுங்க" என்பதாகத்தான் இருக்கும்.

மோடத்தின் முகப்பில் நாலைந்து விளக்குகள் இருக்கும். அவற்றில் இரண்டை மட்டும் மனதில் வைத்தால் போதும். ஒன்று 'பான்', கண்ணாடி இழை வழியாக அலுவலகத்தோடு பேச்சு நடக்கிறது என்பதற்கு அடையாளம். அது பச்சையாக ஆடாமல் எரிய வேண்டும். இன்னொன்று 'லாஸ்', அது எரியவே கூடாது. சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ, இழையில் வரவேண்டிய வெளிச்சம் வரவில்லை என்று பொருள். சிவப்பு எரிந்தால் கோளாறு இரண்டாவது துண்டில் இருக்கிறது. அப்போது போனை மாற்றுவதிலும் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவதிலும் பயனே இல்லை. 'பான்' பச்சை ஆடாமல் நிற்கிறது, சிவப்பு இல்லை, ஆனாலும் போனில் ஒன்றும் திறக்கவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள் இருக்கலாம், அல்லது உலகத்தின் பக்கம் இருக்கலாம்.

என் டீயும் வந்தது. நான் இழையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். இந்த ஊரில் அதைப் புரியவைப்பது சுலபம், ஏனென்றால் இவர்கள் கடலுக்குப் போவதே ஃபைபர் படகில். படகின் உடம்பில் பிசினோடு சேர்த்து ஒட்டுகிற கண்ணாடி நாரும், நெட் வருகிற ஒயருக்குள் இருப்பதும் ஒரே கண்ணாடி வம்சம். வேறுபாடு சுத்தத்தில் இருக்கிறது. நெட் இழைக்குள் வெளிச்சம் ஓடும் பாதை 9 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதைச் சுற்றியுள்ள கண்ணாடி உறையோடு சேர்த்தால் 125 மைக்ரான். தலைமுடியைவிடக் கொஞ்சம் பருமன். அலுவலகத்திலிருந்து வரும் வெளிச்சமும், நம் மோடம் திருப்பி அனுப்பும் வெளிச்சமும் இந்த ஒரே இழையில் எதிரெதிராகப் போகின்றன. வேறு வேறு அலைநீளம் என்பதால் மோதிக்கொள்வதில்லை. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: கழற்றிய இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து "வெளிச்சம் வருதா" என்று பார்க்காதீர்கள். வந்தாலும் தெரியாது, கண்ணுக்கும் கேடு.

கண்ணாடிக்குள் வெளிச்சத்தை வளைத்து ஓட்டலாம் என்பதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டனில் ஹரால்ட் ஹாப்கின்ஸோடு சேர்ந்து, இழைக் கட்டு வழியாகப் படத்தையே கடத்திக் காட்டி 1954-இல் கட்டுரை எழுதினார். ஆனால் அன்றைய கண்ணாடியில் வெளிச்சம் கொஞ்ச தூரத்திலேயே செத்துவிடும். கண்ணாடி குற்றவாளி இல்லை, அதில் கலந்திருக்கும் அழுக்கே காரணம் என்று 1966-இல் எடுத்துச் சொன்னவர் சார்லஸ் காவ். அதற்காக 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையில் ஒரு கிலோமீட்டர் ஓடிய பிறகும் நூறில் தொண்ணூறு பங்குக்கு மேல் வெளிச்சம் மிஞ்சுகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தூரம் வெளிச்சத்தை அவ்வளவாகத் தின்பதில்லை என்று தெரிய வேண்டும். "ஆபீஸ் ரொம்ப தூரம், அதான் நெட் அறுக்குது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளிச்சத்தை அதிகம் தின்பவை வேறு: இழையை ஒட்டிய இடங்கள், செருகும் முனைகளில் படிந்த தூசி, வளைவு, நசுக்கல். தெருக் கம்பத்தில் ஸ்பிளிட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி தொங்கும். அலுவலகத்திலிருந்து வரும் ஒரே இழையின் வெளிச்சத்தை அது 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பங்கு போடுகிறது. நமக்குக் கிடைப்பது அந்தப் பங்கில் ஒரு துளிதான். அந்தத் துளியையும் வழியில் சிந்தினால் மோடத்தால் படிக்க முடியாது.

எவ்வளவு வருகிறது என்பதை மோடமே சொல்லும். பெரும்பாலான மோடங்களில், போனின் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து, மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து உள்ளே போனால், 'ஆர்.எக்ஸ். பவர்' என்று ஒரு எண் இருக்கும். அது மைனஸில் இருக்கும்: மைனஸ் 19, மைனஸ் 22 என்று. எண் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறைவு. ஒவ்வொரு 3 கூடும்போதும் வெளிச்சம் பாதியாகிறது. மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 25-ஐத் தாண்டினால் காற்றுக்கும் மழைக்கும் ஆடும். மைனஸ் 27, 28 என்றால் இணைப்பு விளிம்பில் நிற்கிறது. மைனஸ் 27 என்பது ஒரு வாட்டில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சின்னத் துளியை வைத்துக்கொண்டு வீடு முழுக்கப் படம் பார்க்க முடிகிறதே என்று எனக்கு இன்றைக்கும் வியப்பு.

டீயைக் குடித்துவிட்டு அண்ணன் வீட்டுக்கே போனோம். ஐந்தே முக்கால் இருக்கும். வாசலில் தென்னை, அதன்மேல் சாய்ந்தபடி கம்பத்திலிருந்து வரும் கறுப்பு ஒயர், ஜன்னல் சட்டத்தின் மூலை வழியாக உள்ளே நுழைந்து, சுவரில் ஆணி கிளிப்புகளால் இறுக்கி அடிக்கப்பட்டு, பீரோவின் மேல் ஏறியிருந்தது. மோடம் டிவிப் பெட்டியின் அட்டையில் சாய்ந்து கிடந்தது. 'பான்' பச்சையாக நின்றது. உள்ளே போய்ப் பார்த்தேன்: மைனஸ் 22. நல்ல எண்தான்.

"நெட்டு எப்பண்ணே போவுது? எத்தனை மணிக்கு?"

மகள் உள்ளேயிருந்து பதில் சொன்னாள். "ஆறு, ஆறேகால்ணா. ராத்திரி பூரா விட்டு விட்டு வரும். காலையில சரியாயிடும்."

ஆறு மணிக்கு அந்த வீட்டில் என்ன நடக்கிறது? நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆறு அடித்ததும் அண்ணி வந்து, கொசு வருகிறதென்று ஜன்னலைச் சாத்தினார். உப்புக்காற்றில் ஊதிப்போன மரச்சட்டம். கதவு முழுதாக மூடாமல் நிற்கவே, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி அழுத்திக் கொக்கியைப் போட்டார். மூலையில் இருந்த கறுப்பு ஒயர் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டி நசுங்கியது. மறுபடி எண்ணைப் பார்த்தேன். மைனஸ் 28. ஜன்னலைச் சாத்தியதும் வெளிச்சம் கால் பங்காகிவிட்டது. சில நிமிடத்தில் 'பான்' சிமிட்ட ஆரம்பித்தது, பக்கத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தது. கொக்கியை எடுத்து ஜன்னலைத் தளர்த்தினோம். பச்சை வந்தது.

அண்ணன் பேசவே இல்லை. ஜன்னலைத் தானே இரண்டு தடவை சாத்தித் திறந்து, விளக்கைப் பார்த்தார். ஏழெட்டு மாதமாக அந்த வீட்டில் இந்தக் கொக்கியைப் போடுவதும் நெட்டைத் திட்டுவதும் நடந்திருக்கிறது. மூன்று தடவை புகார் கொடுத்திருக்கிறார்கள். வந்தவர் பகலில் வந்தார். பகலில் ஜன்னல் திறந்திருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். அவர் பொய் சொல்லவில்லை. ஆறு மணிக்குப் போகிறது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இழையை எவ்வளவு வளைக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வழக்கமான இழை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைந்தால் வெளிச்சம் வெளியே கசிய ஆரம்பிக்கும். அதாவது ஏறக்குறைய ஒரு டீ கிளாஸின் வாய். வீட்டுக்குள் இழுப்பதற்கென்றே இன்னும் இறுக்கமாக வளையும் புது வகை இழைகள் வந்துவிட்டன. ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று ஒயரைப் பார்த்தால் தெரியாது. ஆகவே டீ கிளாஸ் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு இறுக்காதீர்கள். கட்டில் காலுக்கு அடியில் விடாதீர்கள். ஆணி கிளிப்பை ஒயர் நசுங்கும்வரை அடிக்காதீர்கள். சுவரில் துளை போட்டு, ஒரு குழாய்த் துண்டு வைத்து அதன் வழியாக எடுங்கள். நுழையுமுன் வெளியே ஒயரைக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேற்றினால் மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே வராது. அண்ணன் வீட்டிலும் அதைத்தான் செய்யச் சொன்னேன்.

மோடத்தில் செருகியிருக்கும் பச்சை முனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பச்சையாக இருப்பதற்குக் காரணம், உள்ளே இழையின் நுனி சற்றுச் சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது. நீல முனையில் அப்படி இல்லை. பச்சையும் நீலமும் ஒன்றோடொன்று பொருந்துவதுபோல் தெரியும், ஆனால் வெளிச்சம் சரியாகக் கடக்காது. பச்சை முனையைக் கழற்றி சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 9 மைக்ரான் பாதைக்கு முன்னால் இந்த ஊர்ச் செம்மண் தூசியில் ஒரு துகள் ஒட்டினாலும் அது பாறாங்கல். தேவை இல்லாமல் கழற்றவே கழற்றாதீர்கள். கழற்றினால் மூடியை மாட்டுங்கள்.

சிவப்பு விளக்கு ஒரே வீட்டில் எரிகிறதா, தெருவில் பல வீட்டில் எரிகிறதா என்று கேட்பதும் முக்கியம். பல வீட்டில் ஒரே நேரத்தில் எரிந்தால் கம்பத்திலோ அதற்கு அப்பாலோ அறுந்திருக்கிறது. சாலை வேலைக்கு மண் வெட்டும் இயந்திரம் வந்து போன மறுநாள் இது சகஜம். இன்னொரு விசித்திரமான கோளாறும் உண்டு. ஒரே ஸ்பிளிட்டரில் இருக்கும் வீடுகள் எல்லாம் முறை வைத்துத்தான் வெளிச்சம் அனுப்ப வேண்டும். எங்கோ ஒரு வீட்டு மோடம் கெட்டுப்போய், தன் முறை வராதபோதும் வெளிச்சத்தை அடித்துக்கொண்டே இருந்தால், மற்ற வீடுகளின் பேச்சு எதுவும் அலுவலகத்துக்குக் கேட்காது. குற்றம் ஒரு வீட்டில், தண்டனை தெருவுக்கு. அந்த மாதிரி நேரத்தில் அவர்கள் ஒவ்வொரு வீடாகக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கலாம். கதவைத் தட்டினால் ஒத்துழையுங்கள்.

விளக்கே எரியவில்லை, அல்லது எல்லா விளக்கும் ஒருசேர அணைந்து எழுகிறது என்றால் கோளாறு கரண்ட்டில் இருக்கிறது. இந்தக் கடற்கரையில் நான் அதிகம் மாற்றியது மோடத்தை இல்லை, அதன் அடாப்டரை. 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருக்கும் அந்தக் கறுப்புக் கட்டை வருடம் முழுக்கச் சூடாகவே இருக்கிறது. உள்ளே இருக்கும் கண்டன்சர் காய்ந்துபோனால் வோல்ட் தொய்ந்து, வேலை கூடும் நேரத்தில் மோடம் தானாக அணைந்து எழும். உப்புக்காற்று பிளக் முனையில் பச்சைப் பாசிபோலக் களிம்பைப் பிடிக்கவைக்கும். மோடத்தின் அடியில் எழுதியிருக்கும் அதே வோல்ட், குறையாத ஆம்பியர் உள்ள அடாப்டரை வாங்கி மாற்றிப் பாருங்கள். வேறு பொருளின் அடாப்டரை, முனை பொருந்துகிறது என்பதற்காகப் போடாதீர்கள்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஏற்கும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், மோடம் மட்டும் அணைந்து எழும். பல இன்வெர்ட்டர்களில் 'நார்மல்', 'யூ.பி.எஸ்.' என்று ஒரு சுவிட்ச் உண்டு, அதை யூ.பி.எஸ். பக்கம் தள்ளினால் இடைவெளி குறையும். இல்லையென்றால் மோடத்துக்கென்றே சின்ன பேட்டரிப் பெட்டி கிடைக்கிறது.

நம்மூருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பெரியமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். தெற்கே புதுச்சேரி நகரமும் வடக்கே காலாப்பட்டும் புதுச்சேரி யூனியன் பிரதேசம். மின்சாரம் கொடுப்பவர்கள் வேறு வேறு. நம் வீட்டில் கரண்ட் இருக்கும்போது, இணைப்பு வரும் இடத்தில் இல்லாமல் போகலாம். கண்ணாடி இழை ஸ்பிளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம், அது வெறும் கண்ணாடி. ஆனால் இன்னும் சில தெருக்களில் நீல லேன் ஒயர் வழியாக, யாரோ ஒருவர் வீட்டு மாடியில் வைத்த சுவிட்ச் பெட்டியிலிருந்து இணைப்பு வருகிறது. அந்த மாடி வீட்டில் கரண்ட் போனால் நம் நெட்டும் போகும். அப்படிப்பட்ட இணைப்பென்றால் இழைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

பல மோடங்களில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. கரண்ட் நின்றதும், உள்ளே மிஞ்சியிருக்கும் துளி மின்சாரத்தில், "எனக்குக் கரண்ட் போய்விட்டது" என்று அலுவலகத்துக்குக் கடைசியாக ஒரு சேதி அனுப்பிவிட்டுத்தான் அணையும். சேதி வராமல் ஒரு மோடம் காணாமல்போனால் இழை அறுந்திருக்கிறது என்று அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். ஆகவே "உங்க பக்கத்துல என்ன காட்டுதுங்க?" என்று அவரிடம் கேட்கலாம். கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

இனி வைஃபை. இதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு மருந்து பெரும்பாலும் இடத்தை மாற்றுவதுதான். பீரோவின் மேல் மோடம் வைக்காதீர்கள். பீரோ இரும்பு, அதன் கதவில் கண்ணாடி வேறு. இரண்டும் அலையைத் திருப்பி அடிக்கும். ஃபிரிட்ஜ் மேலும் வேண்டாம், மீன் தொட்டிக்குப் பின்னாலும் வேண்டாம். தண்ணீர் அலையைக் குடித்துவிடும். மோடம் இரண்டு அலைவரிசையில் பேசுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே சந்தில்தான் நெருக்கியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் போன் இங்குமங்கும் தாவும். தாவும் நொடியில் மீட்டிங் அறும். மோடத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, வேலை பார்க்கும் கம்ப்யூட்டரை 5-இல் மட்டும் நிறுத்திப் பாருங்கள். முடிந்தால் அந்தக் கம்ப்யூட்டருக்கு வைஃபையே வேண்டாம், ஒரு லேன் ஒயரைப் போட்டுவிடுங்கள். அதைவிட நம்பகமானது இல்லை.

கோளாறு வைஃபையிலா, வெளியிலா என்று உறுதியாகத் தெரிய ஒரு சோதனை இருக்கிறது: பிங். அண்ணனுக்கு இதைச் சொன்னதும் பிடித்துவிட்டது, ஏனென்றால் படகில் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரும் இதே தத்துவம். ஒலியை அனுப்பு, எதிரொலி வர எவ்வளவு நேரம் என்று பார். மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசம்பரில் இந்தச் சின்ன நிரலை எழுதியபோது, சோனார் ஒலியை நினைத்துத்தான் அந்தப் பெயரை வைத்தார். போனிலும் கம்ப்யூட்டரிலும் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் 192.168.1.1-க்கு அனுப்புங்கள். அது நம் மோடம். நாலைந்து மில்லிசெகண்டில் பதில் வரவேண்டும். வராவிட்டாலோ தாறுமாறாக ஏறி இறங்கினாலோ கோளாறு வைஃபையில். மோடம் ஒழுங்காகப் பதில் சொல்கிறதென்றால், அடுத்து 8.8.8.8-க்கு அனுப்புங்கள். அது வெளியுலகம். மோடம் பேசுகிறது, வெளியுலகம் பேசவில்லை என்றால் வீட்டுக்குள் எதையும் தொடாதீர்கள். இரண்டும் பேசுகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையில் சிக்கல், மோடத்தில் அந்த இடத்தில் 8.8.8.8 என்று போட்டால் அநேகமாகச் சரியாகிவிடும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கடற்கரையே பதில் வைத்திருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, தொலைபேசி லைன்கள் நம்ப முடியாத நிலையில் இருந்தன. வில்லியனூரை மையமாக வைத்து, வி.எச்.எஃப். வயர்லெஸ் வழியாகத்தான் ஊர்களை இணைத்தார்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பை இறக்கி, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில், நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்க, அங்கிருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிர் தப்பினார்கள். ஒரு அழைப்பு, ஒரு ஒலிபெருக்கி, நடுவில் அறாத ஒரு தொடர்பு. 2011 டிசம்பர் 30-இல் 'தானே', 2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' என்று புயல்கள் இந்தப் பக்கமே கரையேறுகின்றன. ஃபெஞ்சலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சாதாரண நாளிலேயே ஜன்னல் கொக்கிக்கு அறுந்துபோகும் இணைப்பை நம்பி அப்படியொரு இரவில் எப்படி இருப்பது?

ஆகவே புகார் கொடுக்கும்போது இப்படிச் சொல்லுங்கள்: "ஆறு பத்துக்குப் போச்சு, ஆறு இருபத்தஞ்சுக்கு வந்துது. லாஸ் லைட் சிவப்பு. ஆர்.எக்ஸ். மைனஸ் 28. பக்கத்து வீட்ல சரியா இருக்கு." இப்படிச் சொன்னால், வருகிறவர் வெறுங்கையோடு வரமாட்டார், வெளிச்சம் அளக்கும் கருவியோடு வருவார், சரியான நேரத்துக்கு வருவார். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். அதைக் கொடுக்கவேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைய விதி. தீர்க்காவிட்டால் அந்த எண்ணோடு, அந்தந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்.

அண்ணன் வீட்டு ஒயரை மறுவாரம் சுவர்த் துளை வழியாக மாற்றிக் கொடுத்தார்கள். மோடம் பீரோவிலிருந்து இறங்கிக் கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு வந்துவிட்டது. ஜன்னல் சாத்தியிருக்கும்போது எண் மைனஸ் 21. மகள் அதைத் தேதியோடு ஒரு சின்னச் சீட்டில் எழுதி மோடத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறாள்.

வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கும் தம்பிகளுக்கு என் வேண்டுகோளும் அந்தச் சீட்டுதான். ஒயர் இழுத்து முடித்த அன்றே, வீட்டின் கதவு ஜன்னல்களைச் சாத்தி வைத்து, அன்றைய ஆர்.எக்ஸ். எண்ணையும் தேதியையும் எழுதி மோடத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். அரை நிமிட வேலை.